200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்

கைக்குள் ஒரு காலம் – 9

போன வாரம் தொலைபேசி எண்களைப் பற்றிப் பேசினோம். எண் மறந்துபோனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. சார்ஜ் தீர்ந்த அன்று மட்டும் கொஞ்சம் திண்டாடுவோம். இந்த வாரத்துச் சமாசாரம் அத்தனை சுலபமாகத் தள்ளிவிடக்கூடியது இல்லை. வழி கண்டுபிடிக்கும் வேலையை செல்போனிடம் ஒப்படைத்துவிட்டோமே, அதைப் பார்க்கலாம்.

2024 ஜனவரியில் கூடலூரில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். விடுமுறையைக் கழித்துவிட்டுக் கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நண்பர்கள், செல்போன் காட்டிய சுருக்கு வழியை நம்பிக் காவலர் குடியிருப்புப் பக்கம் காரை விட்டார்கள். வழி கொண்டுபோய் விட்ட இடம் படிக்கட்டு. அவ்வளவு பெரிய கார் படிகளின் நடுவே மாட்டிக்கொண்டு நிற்க, அக்கம்பக்கத்தாரும் போலீஸாரும் சேர்ந்துதான் மீட்டார்கள். படம் வாட்ஸப்பில் சுற்றியது, எல்லோரும் சிரித்தோம். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிருந்த பாலத்தின் மேல் இன்னொரு கார் ஏறியது. செல்போன் வரைபடத்தில் பாலம் முழுசாக இருந்தது. கார் ராம்கங்கை ஆற்றுப் படுகையில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். தடுப்பு வைக்காத அதிகாரிகள் மேலா, செயலியின் மேலா, யார் மேல் வழக்கு என்பதில் சில நாள் செய்தி ஓடி அடங்கியது.

இப்படிப்பட்ட விபத்துகள் அபூர்வம். தினமும் கோடிக்கணக்கானவர்கள் அதே செயலியின் துணையோடு சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேருகிறார்கள். எனக்கு அவர்களைப் பற்றித்தான் யோசனை. தப்பாமல் போய்ச் சேர்ந்தவர்களின் தலைக்குள் என்ன நடக்கிறது?

இதற்குப் பதில் தேட லண்டன் வரை போக வேண்டியிருக்கிறது. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வாங்க ‘நாலெட்ஜ்’ என்றொரு பரீட்சை உண்டு. 1865-லிருந்து நடக்கிறது. சாரிங் கிராஸை மையமாக வைத்து 6 மைல் ஆரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களும், அவற்றிலுள்ள ஆஸ்பத்திரி, ஹோட்டல், நாடக அரங்கு, தூதரகம் எல்லாமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். லண்டன் தெருக்களோ கட்டம் கட்டமாக வகுத்தவை அல்ல. மாடு போன தடத்தில் ஊர் வளர்ந்ததுபோல் வளைந்து நெளிந்து கிடப்பவை. மொபெட்டின் கைப்பிடியில் ஓர் அட்டையைச் செருகி, அதில் அன்றைய பாதையை எழுதி வைத்துக்கொண்டு மழையிலும் குளிரிலும் சுற்றுகிறவர்களை அந்த ஊரில் பார்க்கலாம். அவர்கள்தான் மாணவர்கள். மாலையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, எந்தத் தெருவில் ஏறி எதில் இடது, எதில் வலது என்று ஒருவர் ஒப்பிக்க மற்றவர் சரிபார்ப்பார். பரீட்சை வாய்மொழியாக நடக்கும். பரீட்சகர் இரண்டு இடங்களைச் சொல்வார். வரைபடம் கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர வேண்டும். தேற 3, 4 வருஷம் ஆகும். பாதியில் விட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

எலினார் மக்வயர் என்ற நரம்பியல் ஆய்வாளர் இந்த ஓட்டுநர்கள் 16 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். 2000-த்தில் முடிவு வெளிவந்தது. நினைவுக்கும் இட அறிவுக்கும் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிட இவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அதிக வருஷம் ஓட்டியவருக்கு இன்னும் பெரிது. உடனே ஒரு சந்தேகம் எழும்: பிறவியிலேயே அது பெரிதாக இருப்பவர்தானே இந்த வேலைக்கு வந்திருப்பார்? மக்வயருக்கும் அது எழுந்தது. புதிதாகப் படிக்கச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அவர்கள் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார். 39 பேர் தேறினார்கள். தேறியவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. பாதியில் விட்டவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் மாற்றமில்லை. இது 2011-இல் வெளியானது.

நடுவில் 2006-இல் வந்த இன்னோர் ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் டாக்ஸி ஓட்டுநர்களை அதே லண்டனின் பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். அதே ஊர், அதே நெரிசல், கிட்டத்தட்ட அதே வருஷக் கணக்கு. ஆனால் பஸ்காரருக்கு வகுத்துவைத்த ஒரே தடம். அவருக்கு அந்த வளர்ச்சி இல்லை. ஆக, ஸ்டியரிங் பிடித்துத் தெருத் தெருவாகச் சுற்றியது மட்டும் மூளையை மாற்றவில்லை. ஒவ்வொரு முக்கிலும் ‘இப்படியா, அப்படியா’ என்று தானே முடிவெடுத்ததுதான் மாற்றியிருக்கிறது. காதில் ஒரு குரல் சொல்லச் சொல்லத் திரும்பும் நம்மை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? பஸ் ஓட்டுநரோடு சேர்த்தால் அவருக்கு அவமரியாதை. அவருக்காவது அவருடைய தடம் தெரியும்.

(ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். புதிதாகக் காட்டிய சிக்கலான கோட்டோவியம் ஒன்றைச் சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னபோது டாக்ஸிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். மூளை எதையும் இனாமாகத் தருவதில்லை.)

குரல் சொல்லும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஹியூகோ ஸ்பியர்ஸின் குழு 24 பேருக்கு சோஹோ பகுதியின் தெருக்களைத் திரையில் காட்டி, ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்தபடியே வழி கண்டுபிடிக்க வைத்தது. தாங்களே வழி தேடியபோது, புதுத் தெருவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. அந்தத் தெருவிலிருந்து பிரியும் வழிகள் எத்தனைக்கெத்தனை அதிகமோ, அத்தனைக்கத்தனை சுறுசுறுப்பு. திரையில் ‘இடது’, ‘வலது’ என்று குறிப்பு வந்தபோது அந்த எழுச்சியே இல்லை. திருப்பங்கள் அவைதாம், தெருக்கள் அவைதாம், மூளைக்குத்தான் அங்கே ஜோலி இல்லை. ஜப்பானில் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் ஆட்களைத் தெருவிலேயே நடக்கவிட்டார்கள். ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்தவர்கள், காகித வரைபடம் வைத்திருந்தவர்களைவிட அதிக தூரம் நடந்தார்கள், அதிகமாக நின்று நின்று போனார்கள். நடந்த வழியைப் படமாக வரையச் சொன்னபோது, முன்பே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய் வழி காட்டப்பட்டவர்களைவிட மோசமாக வரைந்தார்கள்.

மாண்ட்ரியலில் 50 ஓட்டுநர்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையாகச் சொல்கிறது. ஜி.பி.எஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் இட நினைவு 3 ஆண்டுகளில் அதிகமாகத் தேய்ந்திருந்ததாம். ஆனால் 3 ஆண்டு கழித்து மறுபடி சோதித்தது 13 பேரைத்தான். 13 பேரை வைத்து ஊருக்கே ஜாதகம் எழுத நான் தயாரில்லை. அமெரிக்க இறப்புச் சான்றிதழ்களை அலசிய 2024-ஆம் ஆண்டு ஆய்வும் அப்படித்தான். டாக்ஸி, ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களிடையே அல்சைமரால் இறந்தவர்களின் விகிதம் மற்ற தொழில்காரர்களைவிடக் குறைவு. பஸ் ஓட்டியவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் வழியில் கெட்டிக்காரர்கள் அந்த வேலைகளில் நிலைத்திருக்கலாம் என்ற பழைய சந்தேகம் இங்கே தீரவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1990-களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் மதுரை வட்டாரத்தில் தமிழர்கள் இடத்தை எப்படிக் குறிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். நகரத்தார் வலது, இடது என்றார்கள். கிராமத்தார் மேசைமேல் கிடக்கும் பொருளுக்குக்கூட வடக்கு, தெற்கு சொன்னார்கள். ‘அந்தச் செம்பைக் கொஞ்சம் தெக்கால நகத்து’ என்று பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. ஆனால் அப்படிப் பேச வேண்டுமானால், வீட்டுக்குள் இருந்தாலும் பஸ்ஸுக்குள் இருந்தாலும், எந்தப் பக்கம் கிழக்கு என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மதுரையில் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றாக அடுக்கிய வீதிகளும், ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கும் அந்தக் கணக்கு இருப்பவருக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

செல்போனும் ஆரம்பத்தில் ஒரு தடவை திசை சொல்லும். ‘வடகிழக்கு நோக்கிச் செல்லவும்.’ நாம் என்ன செய்கிறோம்? இந்தப் பக்கம் பத்தடி நடந்து நீலப் புள்ளி எங்கே நகர்கிறது என்று பார்க்கிறோம், தப்பென்றால் அந்தப் பக்கம் பத்தடி. சூரியன் தலைக்கு மேலேயேதான் இருக்கிறது. அதன்பிறகு நாம் திரும்பினால் படமும் கூடவே திரும்பிவிடும். எங்கே போனாலும் நாம் நடுவில், பாதை எப்போதும் நேர் மேலே. காகித வரைபடத்தில் முதல் வேலை ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று கண்டுபிடிப்பது. அந்தச் சிரமத்தில்தான் ஆறு எந்தப் பக்கம், ரயில்பாதை எந்தப் பக்கம் என்பதெல்லாம் மண்டையில் ஏறிக்கொண்டிருந்தது.

கல்யாணப் பத்திரிகைகளைக் கவனியுங்கள். முன்பெல்லாம் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி இருக்கும். எந்த டவுன் பஸ், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு படம். ரயில்வே கேட்டும் ஒரு பெட்ரோல் பங்க்கும் அதில் கட்டாயம் உண்டு. அழைத்தவர் நம்மைக் கூட்டிக்கொண்டு வருவதைப்போல யோசித்து எழுதிய வரிகள் அவை. இப்போது மூலையில் ஒரு கியூ.ஆர். கட்டம். போன் செய்து கேட்டாலும் ‘லொகேஷன் போட்டுவிடறேன்’ என்பதுதான் பதில்.

அதற்காக, தெருவில் நின்று வழி கேட்ட காலத்தை நினைத்து உருகுகிறவர்களோடு சேர்ந்துகொள்ள எனக்கு மனமில்லை. முதலாவது, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ ஒரு பக்கம் கைகாட்டிவிடுகிறவர்கள் நம் ஊரில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இரண்டாவது, கிராமத்துக்குள் புதிதாக ஒருவர் வழி கேட்டால் பதில் உடனே வராது. ‘யாரு வீட்டுக்கு?’ என்பார்கள். ‘எந்தத் தெரு?’ என்பார்கள். ‘நீங்க எந்த ஊரு, யாரு?’ என்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விசாரணைக்கு நிற்காமல் நேராகப் போய் ஒரு வாசலில் இறங்க முடிகிறது என்றால், அந்த விடுதலையைக் கொடுத்தது இந்தச் செல்போன்தான். இரவு 10 மணிக்குத் தெரியாத பேட்டையில் ஆட்டோவில் வரும் பெண், டிரைவர் சரியான பாதையில்தான் போகிறாரா என்று மடியில் வைத்துச் சரிபார்த்துக்கொள்வதும் அப்படித்தான். ஹிப்போகேம்பஸைக் காரணம் காட்டி இவர்களிடமிருந்து அதைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை.

வரைபடம் கையில் இருப்பதில் தவறில்லை. முக்குக்கு முக்கு அது முடிவெடுப்பதில்தான் கோளாறு. நான் இப்போது செய்வது இது: கிளம்பும் முன் மொத்தப் பாதையையும் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, செட்டிங்ஸில் வடக்கை மேலே நிறுத்திவிட்டு, போனைப் பைக்குள் போட்டுவிடுகிறேன். வீட்டில் இதைக் கிறுக்குத்தனம் என்கிறார்கள். அவசரமான நாட்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

செல்போனையே நம்பிப் பிழைப்பவர்கள் என்று நாம் நினைக்கும் டெலிவரிப் பையன்கள்தான் இதில் விசித்திரம். எங்கள் தெருமுனை டீக்கடையில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் உறைக்குள் போன். திரையில் ஆர்டர் இருந்தது, வரைபடம் இல்லை. “மேப்பெல்லாம் மொத மூணு மாசம்தான் சார். அப்புறம் ஏரியா மண்டையில ஏறிடும். எந்த சந்துல பூந்தா சிக்னல் இல்லாம போலாம்னு அதுக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும்” என்றார். லண்டன்காரர்களின் நிலைமைதான் இவருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு கடை, வேறு வீடு, நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது, முடிவை அவரே எடுத்தாக வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவருக்கு மாட்டும். சென்னையின் கதவு எண்கள். பழைய எண் 14, புதிய எண் 31. எதிர்வீட்டில் பழைய எண் 31. அங்கே செயலியும் கைவிட்டுவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆர்டர் வந்து, எடுத்துக்கொண்டு போனவர், பத்து நிமிஷத்தில் எங்கள் தெருவிலேயே வந்து நின்று ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்.

“சார், லேண்ட்மார்க் ஏதாச்சும் சொல்லுங்க சார்.”

“லொகேஷன்தான் இருக்கேப்பா.”

“அது பின்னாடி தெருவுல காட்டுது சார். உங்க வீட்டுக்குப் பக்கத்துல என்னா இருக்கு? கோயிலு, கடை, எதுனா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ஒரு ஏ.டி.எம். இருந்துச்சு... இருக்கான்னு தெரியல. நீ அங்கயே நில்லுப்பா, நான் கீழ வரேன்.”