பழைய வாசலில் ஒரு பலகை

கண்டி மாநகரின் டி. எஸ். சேனாநாயக்க வீதியைத் திருகோணமலை வீதி என்றே அழைக்கும் முதியோர் இன்றும் உளர். தலதா வீதிக்கும் ஒரு காலத்தில் வார்ட் வீதி என்று பெயர். பெயர் மாறியதே தவிர வீதி நகர்ந்துவிடவில்லை. பழைய பெயரெழுதி வந்த கடிதத்தையும் தபாற்காரர் உரிய வாசலிற் சேர்த்திருப்பார். இரண்டு பெயரும் அவருக்குத் தெரியும். இணையத்திலோ பெயரே இடம். பெயரை மாற்றினால் வீடே மறைந்துபோகும். தேடி வந்தவனுக்கு வழி சொல்ல அங்கே தபாற்காரரும் இல்லர். இந்த உண்மையை நான் சற்று விலை கொடுத்தே கற்றுக்கொண்டேன்.

எங்கள் சிறிய இலக்கிய வட்டம் பல ஆண்டுகளாக ஓர் இணையத்தளம் நடத்தி வருகிறது. மலையக எழுத்தாளர்களைப் பற்றிய குறிப்புகளும், கூட்டங்களில் வாசித்த கட்டுரைகளுமாக ஏறத்தாழ முந்நூறு பக்கங்கள். தலாத்து ஓயாவில் வாழ்ந்து 2004ஆம் ஆண்டு மறைந்த கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான கே. கணேஷ் பற்றி யாரேனும் கூகிளில் தேடினால், எங்கள் பக்கம் முதல் வரிசையிலேயே நிற்கும். அதில் எங்களுக்கு ஒரு சிறு செருக்கும் இருந்தது. இலங்கைத் தளத்துக்கு இலங்கைக்குரிய பெயரே தகும் என்று ஒருவர் முன்மொழிய, ‘டொட் கொம்’ என்று முடிந்த பழைய ஆள்களப் பெயரை விட்டு ‘டொட் எல்கே’ என்று முடியும் புதியதற்குக் குடிபெயர்ந்தோம். ஆறு வாரத்துக்குள் அந்தக் கட்டுரை தேடலில் எங்குமே தென்படவில்லை.

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. பேராதனையில் ஆய்வேடு சமர்ப்பித்த மாணவி ஒருவர், அடிக்குறிப்பில் எங்கள் கட்டுரையொன்றின் முகவரியைத் தந்திருந்தார். பரீட்சகர் அதனைத் திறந்து பார்த்தபோது கண்டது எங்கள் முகப்புப் பக்கத்தை மட்டுமே. “நீர் காட்டிய சான்று அங்கே இல்லையே” என்று கேட்டாராம். அந்தப் பெண் என்னிடம் வந்து, “சேர், நான் பொய்க் குறிப்புப் போடவில்லை” என்று சொன்னபோது எனக்கு நா எழவில்லை. அவர் மேற்கோள் காட்டியது நான் எழுதிய கட்டுரைதான்.

தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை அறிய, தேடற்பொறி எதனைக் கொண்டு ஒரு பக்கத்தை மதிக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய முறை, நம் புலமை உலகம் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறையின் சாயலே. எந்த நூலைப் பிற நூல்கள் மிகுதியாகச் சான்று காட்டுகின்றனவோ, அந்நூலுக்கு மதிப்பு உயர்கிறதன்றோ? அவ்வாறே எந்தப் பக்கத்துக்குப் பிற தளங்கள் இணைப்புத் தருகின்றனவோ அது உயர்கிறது. இன்று கூகிள் வேறு பல குறிகளையும் பார்க்கிறது என்றாலும், அந்த அடிப்படை மறையவில்லை. ஆகவே ஒரு தளத்தின் செல்வம் அதன் வீட்டுக்குள்ளே மட்டும் இல்லை; பிறர் தம் வீடுகளில் எழுதிவைத்திருக்கும் முகவரிகளிலும் இருக்கிறது. நாங்கள் பெயரை மாற்றியபோது பிறர் கையிலிருந்த அந்த முகவரிகள் அத்தனையும் செல்லாக் காசாயின.

இதற்குப் பரிகாரம் உண்டு. அதற்கு ‘வழிமாற்று’ என்று பெயர். பழைய முகவரியைக் கேட்டு வரும் எவருக்கும் வழங்கிக் கணினி, “இது நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டது; புதிய இடம் இது” என்று 301 என்னும் எண்ணோடு மறுமொழி கூறும். 302 என்று கூறினால் தற்காலிகமாகவே போயிருப்பதாகப் பொருள். தேடற்பொறி பழைய பெயரையே பற்றிக்கொண்டு நிற்கக்கூடும். நூலகத்தாருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகமாயிற்று. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பேராதனைப் பல்கலைக்கழகமாயிற்று. இத்தகைய பெயர்மாற்றங்களைப் பட்டியலில் இணைக்க நூலகத்தார் எழுதிவைக்கும் ‘காண்க’ அட்டைதான் இந்த வழிமாற்றும்.

எங்கள் தளத்தை மாற்றித் தந்த இளைஞர் வழிமாற்று வைக்காமல் இல்லை. முந்நூறு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே வழிமாற்றை வைத்து, எல்லாரையும் முகப்புக்கு அனுப்பிவிட்டார். எந்த நூலைக் கேட்டு வந்தாலும் “நூலகத்துக்குப் போ” என்று எழுதிய அட்டையை நீட்டுவது போன்றது இது. வாசகனுக்கு அது பயனில்லை. கூகிளும் அத்தகைய வழிமாற்றைப் பெரும்பாலும் இல்லாத பக்கமாகவே கருதிவிடும். போதாக்குறைக்கு அதே வாரத்தில் தளத்தின் தோற்றத்தையும் பக்கங்களின் பெயரமைப்பையும் மாற்றினோம். எது எதனால் கெட்டது என்று கண்டறிவதே அரிதாயிற்று. குடிபெயரும் நாளிலேயே வீட்டை இடித்துக் கட்டத் தொடங்குவார் உண்டோ? நாங்கள் தொடங்கினோம். அவரை மட்டும் குறை கூறுவது நீதியன்று. அவசரப்படுத்தியவர்களுள் நானும் ஒருவன்.

திருத்தும் வேலை இரண்டு மாதம் பிடித்தது. வழங்கியின் வருகைப் பதிவேட்டிலிருந்து பழைய முகவரிகளைத் திரட்டினோம். விடுபட்டவற்றை, 1996இல் தொடங்கிய ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் காப்பகம் எங்களையறியாமலே எடுத்துவைத்திருந்த படிகளிற் கண்டோம். ஒரு பழைய முகவரிக்கு ஒரு புதிய முகவரி என நீண்ட அட்டவணை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 301 அமைத்தோம். தளத்துக்குள்ளேயே பழைய பெயரைச் சுட்டிய இணைப்புகளைத் திருத்தினோம். கூகிளின் ‘சேர்ச் கொன்சோல்’ பணிமனையில் இரு பெயர்களையும் எமதென உறுதிசெய்து முகவரி மாற்ற அறிவிப்பையும் கொடுத்தோம். எங்களுக்கு இணைப்புத் தந்திருந்த அன்பர்களுக்குத் தனித்தனியே எழுதினோம். பாதிப் பேர் மாற்றினர். தேடல் வரிசை சில வாரம் ஏறியும் இறங்கியும் தடுமாறிப் பின் நிலைகொண்டது. மாணவியின் அடிக்குறிப்பும் உரிய பக்கத்தைத் திறந்தது.

விக்கிப்பீடியாவும் இப்படி ஒருமுறை குடிபெயர்ந்ததே. 2001இல் ‘டொட் கொம்’ பெயரில் தொடங்கி மறு ஆண்டு ‘டொட் ஓர்க்’ பெயருக்கு மாறியது. பழைய பெயரை இன்று தட்டினாலும் புதிய வாசலில் கொண்டுபோய் விடுகிறது. நம் மொழியில், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் தமிழ் டொட் நெட் தளத்தின் நிழலில் இருந்தது. இன்று சொந்தப் பெயரில் இயங்குகிறது. அங்கே ஒவ்வொரு மின்னூலுக்கும் ஓர் எண் உண்டு. நம் நாட்டு நூல்களைக் காக்கும் நூலகம் தளத்திலும் ஒவ்வொரு நூலுக்கும் ‘நூலக எண்’ இருக்கிறது. முகவரி எவ்வளவு மாறினும் எண்ணைக் கொண்டு நூலைப் பிடித்துவிடலாம். முந்நூறு பக்கங்களுக்கு எண்ணிடாத எங்கள் சோம்பலை அட்டவணை எழுதிய இரவுகளில் நொந்துகொண்டேன்.

சொந்தப் பெயர் இல்லாதவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. யாஹூ நிறுவனம் தன் இலவச ‘ஜியோசிட்டீஸ்’ சேவையை 2009 ஒக்ரோபரில் மூடியபோது, வாசலில் வழிகாட்டிப் பலகை நட அங்கே குடியிருந்தவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. மண்ணே பிறருடையது.

பழைய பெயருக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தத்தான் வேண்டும். விட்டுவிட்டால் வேறெவரும் வாங்கலாம்; நம் நற்பெயரைக் காட்டிச் சூதாட்ட விளம்பரம் வைப்போரும் உளர். வழிமாற்றை ஓராண்டாயினும் வைத்திருக்கும்படி கூகிள் கூறுகிறது. ஓராண்டு கடந்ததும் எங்கள் பொருளாளர், “இனியும் ஏன் ஐயா இந்தத் தெண்டம்?” என்றார். கூகிள் ஓராண்டில் கற்றுக்கொள்ளும்; ஆனால் அந்த மாணவியின் ஆய்வேடு கட்டமைக்கப்பட்டு அலுமாரியில் ஏறிவிட்டது, அதில் அச்சானது பழைய முகவரி என்றேன். அவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து, வரும் தவணைக்கான தொகையை எழுதிக்கொண்டார்.