சுதைக் கலை: மரபும் புதுமையும்

சுதை என்பது சுண்ணச் சாந்து. அச்சாந்தினால் ஆக்கிய உருவமும் அப்பெயரே பெற்றது. புகார் நகரத்து மாடங்களில் தேவர் முதலாகப் பலவகை உயிர்களின் சுதை வடிவங்கள் திகழ்ந்தமையை மணிமேகலை கூறுகின்றது. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் அமைத்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டில் புதுமையாகக் குறித்தான். அதற்கு முன் இந்நான்குமே கோயிற் பொருள்களாய் இருந்தன என்பது இதனால் விளங்கும். கல்லால் கோயில் எழுந்த பின்னரும் சுதை மறையவில்லை. கோபுரத்தின் மேல்நிலைகளில் பாரம் குறைந்த செங்கலோடு நிலைபெற்றது.

பாரசீகத்திலும் இத்தகைய கலை சிறந்திருந்தது. இசுபகான் நகரத்துப் பெரிய பள்ளிவாசலில், மங்கோலிய மன்னன் உல்சைத்து காலத்தில், 1310இல் அமைந்த தொழுகை மாடம் அதற்குச் சான்று. அங்கே சாந்து ஜிப்சத்தால் ஆனது. சுவரில் பூசி, இறுகும் சாந்தைச் செதுக்குவர். நம் சுண்ணாம்போ மெல்ல இறுகுவது. ஆதலின் நம்மவர் செங்கற் கருவின்மேல் சிறிது சிறிதாக அப்பி உருவை வளர்ப்பர். அவர் கலை குறைத்து ஆக்குவது. நம் கலை கூட்டி ஆக்குவது. மங்கோலியர் ஆட்சியில் சீனத் தாமரை அங்கே புகுந்தது. ஆயினும் பழைய எழுத்தணியும் கொடிப்பின்னலும் அழியவில்லை. புதியது பழையதன்மேல் படர்ந்தது.

நம் சுதையின் உறுதி அதன் பக்குவத்தில் உள்ளது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பர். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. ஈரத்தை வெளியிடும் இயல்பும் அதற்கு உண்டு.

மலேசியாவில் இம்மரபு சிமெந்தோடு கலந்து வளர்ந்தது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1968இல் முடிந்தது. அதன் ஐந்நிலைக் கோபுரத்தைத் தமிழகச் சிற்பியர் உருவங்களால் அணிசெய்தனர். ரவாங், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும் பலகைக் குடிலாய் இருந்த கோயில்கள் பல, கற்சுவரும் விமானமும் பெற்றன. சிமெந்து விரைவில் இறுகும், மழையைத் தாங்கும். அதனைப் பயன்படுத்தியது குற்றமன்று.

ஆனால் பழைய சுண்ணச் சுதைமேல் சிமெந்தைப் பூசினால், உள்ளே ஈரம் தங்கிப் பழைய உருவம் உதிரும். குடமுழுக்குத் திருப்பணியில் உருவங்களைக் கொத்தி எறிவதும் உண்டு. கொத்துமுன் அது எதனால் ஆனது என ஆராய்ந்து, படமெடுத்து வைத்தல் வேண்டும். தமிழாசிரியர் மாணவரைக் கோபுரத்தடிக்கு அழைத்துச் சென்று இதனை விளக்குவாராயின், அக்கோயில்கள் தம் வரலாற்றை இழவா.