பக்கத்து மெஷின் ஏன் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது?

நண்பர்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட் நடக்கும் மாதங்களில் எந்த லேபுக்குள் நுழைந்தாலும் ஒரு குரல் கேட்கும்: "டேய், உன் மெஷின்ல இருக்கிற ஃபோல்டர் என் மெஷின்ல ஓப்பன் ஆகலைடா!" ஒருவனிடம் விண்டோஸ் லேப்டாப், இன்னொருவனிடம் உபுண்டு, ரிப்போர்ட் டைப் செய்பவரிடம் மேக். மூன்றும் ஒரே ஸ்விட்சில்தான் மாட்டியிருக்கும். ஆனால் ஃபைல் மட்டும் வராது.

அப்புறம் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஃபயர்வாலை அணை, எஸ்.எம்.பி. 1-ஐப் போடு, 'எவ்ரிஒன்' என்று போட்டு ஃபுல் கன்ட்ரோல் கொடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்ப்பார்கள். ஏதோ ஒன்று வேலை செய்துவிடும். எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. திறந்த மற்ற கதவுகளை யாரும் திரும்பிப் போய் மூடுவதும் இல்லை. இது எவ்வளவு ஆபத்து என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

மூன்று வருடமாக நம்ம லேபில் இந்தப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் உண்டு. திரையில் வரும் பிழைச் செய்தியை நாம் படிப்பதே இல்லை. "எரர் வருதுடா" என்பதோடு சரி. ஆனால் நம் கோரிக்கை எந்த வாசல் வரை போய்த் திரும்பியது என்று அந்தச் செய்திதான் சொல்கிறது. தெருவுக்கே போகவில்லையா, கேட்டில் நின்றுவிட்டதா, வீட்டுக்குள் போய் பீரோ திறக்கவில்லையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலில் கொஞ்சம் பூர்வ கதை. மெஷின்கள் ஃபைல் பரிமாறிக்கொள்ளும் இந்தப் பாஷைக்குப் பெயர் எஸ்.எம்.பி. 1983-இல் ஐ.பி.எம். கம்பெனியில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் அந்தப் பாஷையைக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ஆரம்பித்தார். நெட்வொர்க்கில் போகிற வருகிற பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டே பாஷையைக் கற்றுக்கொண்டார். பிரெஞ்சு தெரியாதவன் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து, யார் எதைக் கேட்டால் சர்வர் எதைக் கொண்டுவருகிறான் என்று பார்த்துப் பார்த்துப் பாஷை படிப்பது மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மென்பொருள்தான் சாம்பா. (நம்ம ஊர் சம்பா நெல் இல்லை! எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர்.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கேபிள், ஐ.பி. முகவரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் உங்கள் மெஷினுக்கு யாரும் முகவரி தரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஹாஸ்டல் வைஃபையில் இன்னொரு வம்பு உண்டு. இன்டர்நெட் ஜோராக வரும், ஆனால் பக்கத்து ரூம் லேப்டாப்பை மட்டும் தொட முடியாது. ஒரு பயனாளர் இன்னொருவரைத் தொடாதபடி வைஃபை பெட்டியிலேயே தடுத்து வைத்திருப்பார்கள். அதற்கு உங்கள் விண்டோஸைத் திட்டி லாபமில்லை.

அடுத்தது, நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் இதுதான்: "நெட்வொர்க் ஐகானைத் திறந்தா அந்த மெஷினே தெரியலை." கண்ணுக்குத் தெரியாததும் எட்டாததும் ஒன்றல்ல நண்பர்களே! பழைய முறையில் மெஷின்களின் பட்டியலைத் தயாரித்த பிரவுசர் சர்வீஸ் எஸ்.எம்.பி. 1-ஐ நம்பி இருந்தது. அது போனதும் பட்டியலும் போனது. இன்றைய விண்டோஸ் வேறொரு முறையில் தேடுகிறது. சாம்பா தானாக அந்த முறையில் குரல் கொடுப்பதில்லை. அதனால் லினக்ஸ் மெஷின் பட்டியலில் வராது, ஆனால் அங்கேயேதான் இருக்கும். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐ.பி.யை நேராக அடித்துப் பாருங்கள், \\192.168.1.20 என்கிற மாதிரி. திறந்தால் பிரச்சனை பெயரில்தான். பட்டியலிலும் தெரிய வேண்டும் என்றால் லினக்ஸில் டபிள்யூ.எஸ்.டி.டி. என்ற சின்ன புரோகிராமைப் போட்டால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. கொசுவுக்காக வீட்டைக் கொளுத்துகிற கதை!

ஐ.பி. போட்டும் வரவில்லையா? 0x80070035 என்று ஒன்று வரும். பதினாறின் அடுக்கில் 35 என்றால் நம் கணக்கில் 53. பழைய எரர் 53-தான், பாதையே கிடைக்கவில்லை என்று பொருள். இங்கே நிறையப் பேர் பிங் அடித்துப் பார்த்து, பதில் வராவிட்டால் மெஷின் செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்தாலும் பதில் வராது. ஃபைல் பகிர்வுக்கு வேண்டியது டி.சி.பி. போர்ட் 445. அதைத்தான் தட்ட வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன், லினக்ஸில் என்.சி. கட்டளை. (தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான், மலருக்காகத் தமிழில் எழுதுகிறேன்.) கதவு மூடியிருந்தால், விண்டோஸ் அந்த இணைப்பைப் 'பப்ளிக்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நம்பகமான லேப் என்றால் 'பிரைவேட்' ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை மட்டும் அனுமதியுங்கள். ஃபயர்வாலை முழுதாக அணைக்க ஒரு காரணமும் இல்லை.

இனி, கதவு திறந்திருக்கிறது ஆனால் பேச்சு ஒத்துவரவில்லை என்ற கட்டம். எஸ்.எம்.பி.யில் பதிப்புகள் உண்டு. 1 பழசு. 2 விஸ்டாவோடு வந்தது. 3 வந்தது 2012-இல், விண்டோஸ் 8 காலத்தில். இரண்டு மெஷினும் பேச ஆரம்பிக்கும் முன் எந்தப் பதிப்பில் பேசலாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. ஒப்பந்தம் முறிந்தால் லினக்ஸின் மவுண்ட் கட்டளை "ஹோஸ்ட் இஸ் டவுன்", எரர் 112 என்று சொல்லும். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி வந்தால் பெரும்பாலும் பதிப்புத் தகராறுதான்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன ஆபத்து. எஸ்.எம்.பி. 1-ஐக் கையாளும் விண்டோஸ் நிரலில் ஓர் ஓட்டை இருந்தது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒட்டுப்போட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத மெஷின்கள் லட்சக்கணக்கில் இருந்தன. மே 12 அன்று வான்னாக்ரை புழு அந்த ஓட்டை வழியாகவே, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, மெஷினுக்கு மெஷின் தாவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள் சிக்கின. அந்த ஓட்டை அடைபட்டது உண்மைதான். ஆனாலும் பிந்தைய பதிப்புகளில் உள்ள மறையாக்கம் போன்ற காவல் எதுவும் 1-இல் கிடையாது. அதே வருடம் முதல் விண்டோஸ் 10 அதைப் படிப்படியாகக் கழற்றியது. சாம்பாவும் 2019-இல் 4.11 பதிப்பில் தானாக இயங்காதபடி நிறுத்தியது. ஒரு லேபில் 40 மெஷினிலும் அதைத் திரும்பப் போட்டுவைத்தால், நாற்பது பேருடைய புராஜெக்ட்டும் ஒரே பழைய தாழ்ப்பாளை நம்பி இருக்கிறது என்று அர்த்தம்.

"எக்ஸ்.பி. மெஷின் இருக்கே, அதுக்கு என்ன பண்றது?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்பார்கள். நியாயம்தான். சி.என்.சி.க்குப் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்.பி.க்கு எஸ்.எம்.பி. 1 தவிர வேறு பாஷை தெரியாது, அதை மாற்றவும் முடியாது. அதற்காக மற்ற எல்லோரையும் பழைய பாஷைக்கு இறக்காதீர்கள். நடுவில் இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள ஒரு லினக்ஸ் பெட்டியை வையுங்கள். ஒரு கார்டில் எக்ஸ்.பி. மட்டும், தனிக் கேபிளில். அந்தப் பெட்டியின் சாம்பாவில் மட்டும் பழைய பதிப்புக்கு அனுமதி. மற்ற மெஷின்கள் அதே ஃபோல்டரைப் புதிய பதிப்பில் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்.பி. பாஸ்வேர்ட் அனுப்பும் முறையும் பழசு, இன்றைய சாம்பா அதை ஏற்காது. எக்ஸ்.பி.யின் செக்யூரிட்டி பாலிசியில் என்.டி.எல்.எம். இரண்டாம் பதிப்பை அனுப்பச் சொன்னால் வேலை முடிந்தது.

அடுத்து, "நீ யார்?" என்ற கேள்வி. அதிகம் தலைமுடி பிய்த்துக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் பாஸ்வேர்ட் சரிதானே என்று நாம் சத்தியம் செய்வோம்!

லினக்ஸில் லாகின் செய்யும் பாஸ்வேர்ட் வேறு, சாம்பாவின் பாஸ்வேர்ட் வேறு. சாம்பா தனக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. எஸ்.எம்.பி.பாஸ்வேர்ட் (தட்டும்போது smbpasswd, பேச்சில் இப்படித்தான் சொல்வோம்) என்ற கட்டளையில் '-ஏ' போட்டு உங்கள் பெயரை அதில் சேர்த்தால்தான் உங்களைத் தெரியும். எதிர்ப்பக்கம், விண்டோஸ் லேப்டாப்பை நாலு இலக்கப் பின் நம்பரால் திறக்கிறவர்கள் அதையே நெட்வொர்க்கிலும் தட்டுவார்கள். பின் அந்த மெஷினோடு சரி, நெட்வொர்க்குக்கு அக்கவுண்டின் நிஜ பாஸ்வேர்ட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் என்றால் பெயர் என்பது ஈமெயில் முகவரி. பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்டையோ விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளேயே விடாது. பாஸ்வேர்ட் இல்லாததால் ஈசியாக நுழையலாம் என்று நினைக்கிற ஹாஸ்டல் வாசிகள் கவனிக்க!

எரர் 1219 வந்தால் சிரிக்கலாம். ஒரே சர்வருக்கு ஏற்கெனவே வேறு பெயரில் போயிருக்கிறீர்கள், இப்போது இன்னொரு பெயரில் கேட்கிறீர்கள் என்று பொருள். நெட் யூஸ் கட்டளையில் பழைய இணைப்பை அழித்துவிட்டு மறுபடி போங்கள்.

இன்னொரு தந்திரமான கேஸ். ஃபோல்டர் திறக்கிறது, படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. உபுண்டுவோடு வரும் சாம்பா அமைப்பில், தெரியாத பெயர் வந்தால் விருந்தாளியாகச் சேர்த்துக்கொள் என்று எழுதியிருக்கும். பெயரில் ஓர் எழுத்து தப்பினால் எரர் வராது, நீங்கள் சத்தமில்லாமல் விருந்தாளி ஆகிவிடுவீர்கள். சர்வரில் எஸ்.எம்.பி. ஸ்டேட்டஸ் கட்டளை கொடுத்தால் உங்கள் பெயருக்குப் பதில் 'நோபடி' என்று இருக்கும். இந்த விருந்தாளி உபசாரமும் இப்போது குறைந்துவிட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், புரோ வகையிலும், ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் இல்லாத விருந்தாளியால் கையெழுத்துப் போட முடியாது. நேற்று வரை திறந்த பழைய ஸ்டோரேஜ் பெட்டி அப்டேட்டுக்குப் பிறகு திறக்காவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பைக் கழற்றுவதைவிட, பெட்டியில் பெயர், பாஸ்வேர்டோடு ஓர் அக்கவுண்ட் போடுவது ஐந்து நிமிட வேலை.

பெயர் சரி, பாஸ்வேர்ட் சரி, இருந்தும் "ஆக்சஸ் டினைட்", எரர் 5. இப்போது நீங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள், பூட்டியிருப்பது பீரோ. இங்கே இரண்டு பூட்டு. ஷேரில் கொடுத்த அனுமதி ஒன்று, டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்கு உள்ள அனுமதி இன்னொன்று. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். சாம்பாவில் எழுத அனுமதித்துவிட்டு, லினக்ஸில் ஃபோல்டர் வேறொருவர் பெயரில் இருந்தால் ஒன்றும் நடக்காது. அதோடு, அந்த ஃபோல்டர் வரை உள்ள ஒவ்வொரு மேல் ஃபோல்டரிலும் நடந்து செல்லும் அனுமதி வேண்டும். 2021 முதல் புதிய உபுண்டுவில் வீட்டு ஃபோல்டரை மற்றவர் கடக்க முடியாது. அதனால் ஷேர் செய்வதை வீட்டு ஃபோல்டருக்கு வெளியே, எஸ்.ஆர்.வி.க்குள் வைத்து, டீமுக்கு ஒரு குரூப் போட்டுவிடுங்கள். ஃபெடோரா என்றால் எஸ்.இ.லினக்ஸ் என்று மூன்றாவது பூட்டும் உண்டு. ஃபோல்டருக்கு சாம்பா முத்திரை குத்தாவிட்டால் விடாது.

எல்லாம் திறந்த பிறகும் ஒரே ஒரு ஃபைல் மட்டும் வராவிட்டால், பெயரைப் பாருங்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு வேறு, விண்டோஸுக்கு ஒன்றே. முக்காற்புள்ளி, கேள்விக்குறி இவற்றை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு விசேஷம். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக்கின் எச்.எஃப்.எஸ். பிளஸ் டிஸ்க் பிரித்தே வைக்கும். நாம் கீபோர்டில் தட்டும்போது சேர்ந்து வரும். கண்ணுக்கு 'கொதிகலன்' இரண்டும் ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டு தனி ஃபைல். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ரிப்போர்ட் உட்கார்ந்திருந்தால் பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம். தேதியைப் பார்த்து, புதியது எதுவோ அதை வேறு பெயரில் சேமித்த பிறகு மற்றதை அழியுங்கள்.