வண்டிப்பேட்டையும் ஊர்க்காவலும்

திருச்சுழியில் சுந்தரம் ஐயர் என்றொரு வக்கீல் இருந்தார். கணக்குப்பிள்ளை ஒருவரிடம் சொற்பச் சம்பளத்துக்கு எழுத்து வேலை பார்த்து, ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகி, அவ்வூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்காட அனுமதி பெற்றவர். 1879 டிசம்பர் 30ஆம் தேதி அவருக்குப் பிறந்த பிள்ளைதான் பின்னாளில் ரமண மகரிஷி என்று பெயர் பெற்றவர். ஐயர் வண்டியேறிப் போகையில் வழிமறித்த கொள்ளைக்காரர்கள், உள்ளே இருப்பவர் இன்னார் என்று அறிந்ததும் ஒதுங்கி வழிவிட்டுவிடுவார்களாம். மகரிஷியின் சரித்திரத்தை எழுதியவர்கள் இதனை ஐயருடைய நற்குணத்துக்குச் சான்றாகக் கூறியிருக்கிறார்கள். அவருடைய குணத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆயினும் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் வண்டிக்கு வெளியே தடியோடு நிற்பவர்களிடமே போய் நின்றுவிடுகிறது. முகம் தெரிந்தவனுக்கு வழி, தெரியாதவனுக்குத் தடி என்ற அந்த ஏற்பாடு வெறும் திருட்டாகத் தொடங்கியதல்ல. அந்தச் சீமையில் அதற்குக் காவல் என்று பெயர் இருந்த காலம் ஒன்று உண்டு.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கமுதியும் கரிசலும் கண்மாயுமாக விரிந்து கிடக்கும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைக் காட்டிலும் மணல் கிடப்பதைத்தான் அதிகம் பார்க்கலாம். பாளையக்காரர்கள் காலத்தில் இங்கே ஊர்க்காவலும் வழிக்காவலும் பெரும்பாலும் மறவர்களின் பாத்தியதையாக இருந்தன. அறுவடைக் களத்தில் காவல்காரனுக்கென்று தானியம் அளந்து வைப்பார்கள். அதற்குப் பதிலாக, களவு போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும், கண்டுபிடிக்க முடியாமற்போனால் நஷ்டத்தை ஈடு செய்வதும் அவன் பொறுப்பு. திருடனைப் பிடிக்கத் திருடனின் வழி அறிந்தவன் வேண்டுமாகையால், காவலுக்கும் களவுக்கும் இடையே இருந்த சுவர் எப்போதும் மெல்லியதாகவே இருந்தது. துப்புக்கூலி என்று ஒரு தொகையை மரத்தடியில் வைத்தால் மறுநாள் காலையில் மாடு தொழுவத்துக்குத் திரும்பியிருக்கும் என்று கிழவர்கள் சொல்வார்கள்.

பாளையக்காரர் யுத்தங்கள் 1801இல் முடிந்தபின், கும்பெனி சர்க்கார் இந்தக் காவல் பாத்தியதையைப் பறித்து, காவல்காரனுக்குப் போய்க்கொண்டிருந்த வரும்படியையும் தன் கஜானாவுக்குத் திருப்பிக்கொண்டது. பறித்த இடத்தில் சரியான போலீஸை நிறுத்தியதா என்றால், சென்னை ராஜதானிக்கென ஒழுங்கான போலீஸ் படையை அமைத்த சட்டம் 1859இல்தான் வந்தது. கூலி நின்றுபோன காவல்காரனிடம் தடி மட்டும் மிச்சமிருந்தது.

சரியாக அதே காலத்தில்தான் ஊர்களுக்குப் புது ஜனங்கள் வந்து சேரத் தொடங்கினார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே, தேரி மணலில் பனையேறிப் பிழைத்த நாடார்களில் ஒரு பகுதியார், கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிய மாட்டு வண்டிகளோடு வடக்கே வந்தார்கள். இராத்தங்க இடம் வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்கு விடியும்வரை அப்படியே இருக்க வேண்டும். ஆகவே அவர்கள் ஊருக்கு ஊர் நிலம் வாங்கிச் சுவர் எழுப்பி, உள்ளே கிணறும் கொட்டகையும் கிட்டங்கியும் அமைத்து, அதற்குப் பேட்டை என்று பெயரிட்டார்கள். பேட்டைக்குள் வந்து இறங்கும் சரக்கின்மீது மகிமை என்று ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டது. அதனை உறவின்முறை என்ற சாதிச் சபை நிர்வகித்தது. காவலுக்குப் பிறரை நம்ப வேண்டாமென்று கட்டிய அந்தச் சுவருக்குள்ளிருந்துதான் பின்னர் கோயிலும் கல்யாண மண்டபமும் பள்ளிக்கூடமும் பிறந்தன. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இப்படி வளர்ந்தவை. இவற்றுள் விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆயிற்று. அமெரிக்காவில் 1861இல் உள்நாட்டு யுத்தம் மூண்டு அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குப் போவது தடைப்பட்டபோது, நம் கரிசல் பருத்திக்கு ஏற்பட்ட கிராக்கி இப்பேட்டைகளுக்குள்ளே பணமாகக் கொட்டியது.

ஊரில் ஒருவன் பணக்காரனானால் அயலார் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் தெருவில் பல்லக்கில் போகும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்கள் பூணூல் அணிந்து, தங்களைச் சூரிய வம்சத்து க்ஷத்திரியர் என்று கூறிக்கொண்டு, கோயில் வாசலில் வந்து நின்றார்கள். அருப்புக்கோட்டையில் இன்றும் இருக்கும் கல்லூரியின் பெயர் சைவ பானு க்ஷத்திரியக் கல்லூரி. அந்தப் பெயர்ப்பலகையின் கீழே தினந்தோறும் நுழையும் மாணவர்களில் எத்தனை பேர், அதிலுள்ள பானு என்ற சொல் சூரியனைக் குறிப்பது என்பதையும், அது ஒரு காலத்தில் கோர்ட்டிலும் தெருவிலும் கேட்கப்பட்ட உரிமையின் எழுத்துவடிவம் என்பதையும் அறிவார்களோ தெரியாது.

திருச்சுழிக்கு அப்பால் இருக்கும் கமுதியில், 1897 மே மாதத்தில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் பிரவேசித்து வழிபட்டார்கள். கோயிலின் தர்மகர்த்தா ராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி. அவர் தொடுத்த வியாஜ்யம் மதுரை சப்-கோர்ட்டில் தொடங்கி, சென்னை ஹைகோர்ட் ஏறி, 1908இல் லண்டன் பிரிவி கௌன்சிலில் முடிந்தது. மூன்று இடங்களிலும் நாடார்களுக்குத் தோல்வியே. நடுவில் சேதுபதி சமரசத்துக்கு இசைந்தும் பயனில்லாமற் போயிற்று. கோயிலின் பழைய வழக்கத்தை மாற்றிச் சமரசம் செய்துகொள்ளத் தர்மகர்த்தாவுக்கு அதிகாரம் கிடையாது என்று நியாயாதிபதிகள் கருதினார்கள். சாதிக் கட்டைக் காப்பாற்றுவதில் ஜமீன்தாரைவிடச் சட்டம் பிடிவாதமாக இருந்தது என்பதைச் சரித்திரம் படிப்பவர்கள் கவனிப்பதில்லை.

இந்த சேதுபதிதான் விவேகானந்தர் 1893இல் சிகாகோவுக்குச் செல்ல ஊக்கமளித்தவர். அதே சிகாகோவில் 26 வருஷங்களுக்குப் பின், 1919 ஜூலை 27ஆம் தேதி, மிச்சிகன் ஏரியில் நீந்திக்கொண்டிருந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன், வெள்ளையர் குளிக்கும் பகுதிக்கென மனத்தால் மட்டும் போடப்பட்டிருந்த எல்லையைத் தாண்டி மிதந்து போய்விட்டான் என்பதற்காகக் கல்லெறியப்பட்டு மூழ்கி இறந்தான். எறிந்தவனைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்தார். தொடர்ந்து நடந்த கலகத்தில் 38 பேர் மாண்டார்கள். தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் பிழைப்புத் தேடி ஆயிரமாயிரமாகக் குடியேறிய பட்டணம் அது. தண்ணீரில் போட்ட கோட்டுக்கும் கோயில் வாசலில் போட்ட கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குடியேறியவர்கள் பெருகியபின் பழைய கோட்டை யார் காப்பது என்பதே இரண்டு இடத்திலும் கேள்வி.

சிவகாசியில் அந்தக் கேள்விக்கு 1899இல் பதில் கிடைத்தது. நாடார்களே பெரும்பான்மையோராகிவிட்ட அந்த ஊரில், விசுவநாத சுவாமி கோயிலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. தகராறு முற்றியபோது கோயிலைப் பூட்டினார்கள். சுற்றுப்புறக் கிராமங்களில் பல வாரங்கள் புகைந்துகொண்டிருந்த பகை, ஜூன் 6ஆம் தேதி ஆயிரக்கணக்கான மறவர்களும் அவர்களோடு சேர்ந்த பிறரும் ஊரின்மீது பாய்ந்ததில் வெடித்தது. சிவகாசியில் மட்டும் 800 வீடுகள் எரிந்தன. ராணுவம் ஜூலை மத்தியில் வந்து அடக்கும்வரை பற்பல கிராமங்களுக்கும் நெருப்புப் பரவி, மொத்தத்தில் 4,000 வீடுகள் வரை சாம்பலாயின. கொலையுண்டவர்கள் 22 பேர் என்பது கணக்கு. 1,958 பேரைப் பிடித்து, 552 பேருக்குத் தண்டனை விதித்து, 7 பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. கமுதி வழக்கில் மதுரைக் கோர்ட்டின் தீர்ப்பு வெளியானதும் அதே ஜூலை மாதத்தில்தான். வீடிழந்தவர்கள், கோயிலையும் இழந்தோம் என்ற செய்தியைச் சாம்பலின் நடுவே நின்று கேட்டார்கள்.

இதிலே போலீஸ் எங்கே இருந்தது? சிவகாசி அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கமுதியும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை. கலகம் எல்லை பார்க்காமல் ஓடியது. அதிகாரம் எல்லையில் வந்து நின்றது. இப்பிரதேசங்களை ஒன்றாகச் சேர்த்து ராமநாதபுரம் ஜில்லா உண்டாக்கப்பட்டது 1910இல்.

கலகத்தைத் தடுக்க முடியாத சர்க்கார், கலகம் செய்பவர்களைப் பிறப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்ததுதான் அடுத்த அத்தியாயம். வடநாட்டுக்கு 1871இல் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை ராஜதானிக்கும் நீட்டப்பட்டது. ஜனங்கள் அதனை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு தப்பும் செய்யாதவனும் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். இரவில் ஸ்டேஷனிலோ குறிப்பிட்ட இடத்திலோ ஆஜராக வேண்டும். ஊரைவிட்டுப் போவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, ரேகை வைக்க மறுத்து நின்ற பிரமலைக் கள்ளர்களைச் சுட்டார்கள். 1929இல் சட்டம் ஆப்பநாட்டு மறவர்கள்மீதும் பாய்ந்தபோது, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கிராமம் கிராமமாகச் சென்று ரேகை வைக்காதீர்கள் என்று பேசினார். அவருடைய பொதுவாழ்வு ஊன்றி நின்றது அந்தக் கிளர்ச்சியிலேதான். சட்டம் ஒழிந்தது 1947இல். ஒரு காலத்தில் ஊர்க்காவலன் என்று தானியம் அளந்து வைத்தார்களே, அவனுடைய வம்சத்தவன் ராத்திரியில் ஸ்டேஷன் திண்ணையில் படுத்திருந்தான். சிவகாசியில் வீடு எரிந்தவனுக்காக வருந்துகிறவன் இவனுக்காகவும் வருந்தத்தான் வேண்டும். ஆளைப் பார்க்காமல் குலத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைக் கலகக்காரன் நெருப்பால் செய்தான், சர்க்கார் மையால் செய்தது.

கோயில் கதவுகள் 1939 ஜூலை 8ஆம் தேதி திறந்தன. காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் சன்னிதிக்கு அழைத்துச் சென்ற தாழ்த்தப்பட்டோர் ஐவரோடு விருதுநகர் நாடார் ஒருவரும் இருந்தார். அதற்குள் நாடார்களின் நிலை மாறிவிட்டது. சிவகாசி எரிந்த நாலாம் வருஷம் விருதுபட்டியில் பிறந்த காமராஜர், 1957இல் ராஜ்யத்துக்கே முதல் மந்திரி.

அந்த 1957இல் கோடு வேறோர் இடத்துக்கு நகர்ந்திருந்தது. பட்டாளத்தில் சேவை செய்து திரும்பி, தம் மக்களுக்குச் சம மரியாதை கேட்ட தேவேந்திரகுலத் தலைவர் இமானுவேல் சேகரன், கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் கலந்துகொண்ட மறுநாள், செப்டம்பர் 11ஆம் தேதி, பரமக்குடியில் கொலையுண்டார். மூன்று நாள் கழித்துக் கீழத்தூவலில் போலீஸார் மறவர் ஐவரைச் சுட்டுக் கொன்றார்கள். தொடர்ந்து முதுகுளத்தூர்ப் பக்கமெல்லாம் தீயும் வெட்டும். கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவர் 1959இல் விடுதலையானார். போலீஸ் தங்களுக்கு விரோதமான சாதியின் கையாள் என்று ஒரு சாரார் நம்பினார்கள். தங்களைக் காப்பாற்ற அது வருவதே கிடையாது என்று மறு சாரார் நம்பினார்கள். சீருடைக்குள் இருப்பவனும் இந்தச் சீமையில் பிறந்தவன்தானே என்ற ஐயம் இருவருக்கும் பொது.

அப்புறம் நடந்தவை வாசகர்கள் ஞாபகத்திலேயே இருக்கும். 1985இல் ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரித்தபோது ஒரு துண்டுக்குக் காமராஜர் மாவட்டம் என்றும் ஒரு துண்டுக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்றும் பெயர் சூட்டி, எல்லோரையும் திருப்தி செய்துவிட்டதாக சர்க்கார் எண்ணியது. பஸ் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர்கள் வந்தன. 1997இல் தேவேந்திரகுலத் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் என்றதும் விருதுநகர்ப் பக்கம் பஸ் ஓடாத நிலை உண்டாகி, உயிர்களும் போயின. கடைசியில் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களும் ஒரே உத்தரவில் இறக்கப்பட்டார்கள். காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று.

இப்போது வருஷத்தில் இரண்டு முறை, இமானுவேல் சேகரனின் நினைவு நாளான செப்டம்பர் 11ஐ ஒட்டியும் தேவர் குருபூஜை நாளான அக்டோபர் 30ஐ ஒட்டியும், பரமக்குடியையும் பசும்பொன்னையும் நோக்கிச் செல்லும் சாலைகளில் போலீஸ் நிற்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு. சொந்த வாகனத்துக்கு அனுமதிச் சீட்டு, வாடகை வண்டிக்குத் தடை. மதுக்கடைகளுக்குப் பூட்டு. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கமுதிக்குப் போகிறவன், சீமைக்கருவேலம் இருபுறமும் அடர்ந்த அந்தச் சாலையில் இரும்புத் தட்டிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தியாக வேண்டும். சுந்தரம் ஐயரின் வண்டி உருண்ட சீமைதான். காவலர் குனிந்து பார்ப்பார். உள்ளே இருப்பவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருந்தால் மரியாதையாகவே கேட்பார்:

"எந்த ஊருண்ணாச்சி?"

"அருப்புக்கோட்டை."

"அருப்புக்கோட்டைல எங்க?"

தெருப் பெயரைச் சொன்னதும் அவர் ஒரு கணம் முகத்தைப் பார்த்து, பிறகு தட்டியை நகர்த்தச் சொல்வார்.