டைல்ஸ் எத்தனை பெட்டி? கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுப் பின்னறையில் வேலை பாதியில் நின்றது. மூலையில் இரண்டு டைல்ஸ் குறைந்துவிட்டது. கடைக்கு ஓடினோம். அதே டிசைன், அதே அளவு கிடைத்தது. ஆனால் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் ஒரு சாயல் மங்கல். வேறு வழியில்லாமல் ஒட்டினோம். இன்று அவற்றின் மேல் அம்மாவின் அலமாரி நிற்கிறது.

தப்பு கடைக்காரருடையதும் அல்ல, டைல்ஸ் ஒட்டியவருடையதும் அல்ல. கணக்குப் போட்டவன் நான்தான். அறை 3.5 மீட்டருக்கு 4 மீட்டர். பரப்பளவு 14 சதுர மீட்டர். 60 செண்டிமீட்டர் சதுர டைல் ஒன்றின் பரப்பு 0.36 சதுர மீட்டர். வகுத்தால் 38.9 வந்தது. பெட்டிக்கு நான்கு டைல்ஸ். பத்துப் பெட்டி, அதாவது 40 டைல்ஸ் வாங்கினேன். ஒன்று மிஞ்சும் என்றுகூட நினைத்தேன்.

சுவரோரத்தில் தவறும் கணக்கு

பரப்பளவை மட்டும் வகுத்தால், வெட்டிய துண்டெல்லாம் வேறெங்காவது பயன்படும் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அப்படி நடப்பதில்லை. எங்கள் அறையின் 3.5 மீட்டர் பக்கத்தில் ஐந்து முழு டைல்ஸ் போனபின் சுமார் 50 செண்டிமீட்டர் இடம் மிஞ்சியது. அதற்கு ஆறாவது டைலை வெட்ட வேண்டும். மிச்சம் 10 செண்டிமீட்டர் பட்டை. 4 மீட்டர் பக்கத்தில் ஆறு முழு டைல்ஸ் போனபின் 40 செண்டிமீட்டர் மிஞ்சியது. அதற்கு ஏழாவது டைல். மிச்சம் 20 செண்டிமீட்டர் துண்டு. இந்தத் துண்டுகளைத் தரையில் வேறெங்கும் பொருத்த முடியாது. ஆக, 6 பெருக்கல் 7, மொத்தம் 42. ஒன்றுகூட உடையாவிட்டாலும் 42 வேண்டும்.

அதனால் இரண்டு விதமாகவும் கணக்குப் போடுங்கள். முதலாவது, பரப்பளவோடு 10 விழுக்காடு சேர்த்து ஒரு டைலின் பரப்பால் வகுப்பது. எங்கள் அறைக்கு 15.4 வகுத்தல் 0.36, அதாவது 43. இரண்டாவது, மேலே சொன்ன வரிசைக் கணக்கு. எது அதிகமோ அதை எடுத்து, முழுப் பெட்டியாக்குங்கள். எங்களுக்கு 11 பெட்டி வாங்கியிருந்தால் போதும். டைல்ஸைக் கோணலாக, வைர வடிவில் ஒட்டுவதாக இருந்தால் 10 விழுக்காட்டுக்குப் பதில் 15 சேர்ப்பது நல்லது.

பழைய வரிசை வீடுகளில் சுவர் நேராக இருக்கும் என்று நம்பவேண்டாம். அறையின் இரண்டு முனையிலும் அளந்து, பெரிய அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

‘இரண்டு அடி’ டைல்

60 செண்டிமீட்டர் டைலை நாம் பேச்சுவழக்கில் ‘இரண்டுக்கு இரண்டு’ என்கிறோம். ஆனால் இரண்டு அடி என்பது கிட்டத்தட்ட 61 செண்டிமீட்டர். ஒரு டைல் 4 சதுர அடி அல்ல, ஏறக்குறைய 3.875 சதுர அடிதான். நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டி 15.5 சதுர அடியை மூடும். 1,000 சதுர அடி வீட்டுக்கு 4 சதுர அடி என்று கணக்கிட்டால் 63 பெட்டி வரும். சரியான கணக்கில் 65 பெட்டி. சேதாரம் சேர்ப்பதற்கு முன்பே இரண்டு பெட்டி குறைகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவையும் எண்ணிக்கையையும் படித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

குளியலறைச் சுவர்

சுவருக்கு, அறையின் சுற்றளவை உயரத்தால் பெருக்கிக் கதவின் பரப்பைக் கழிக்க வேண்டும். 1.5 மீட்டருக்கு 2.1 மீட்டர் குளியலறையின் சுற்றளவு 7.2 மீட்டர். 2.4 மீட்டர் உயரத்துக்கு 17.28 சதுர மீட்டர். கதவுக்கு 1.47 போனால் 15.81. அதோடு 10 விழுக்காடு சேர்த்து, 30க்கு 60 செண்டிமீட்டர் டைலின் பரப்பான 0.18ஆல் வகுத்தால் 97 டைல்ஸ். பெட்டிக்கு எட்டு என்றால் 13 பெட்டி. சின்ன ஜன்னலைக் கழிக்கவேண்டாம்; அதைச் சுற்றி வெட்டும்போதுதான் சேதாரம் கூடும். தரையோரப் பட்டைக்கும் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருக்கும் எண்

டைல்ஸ் சூளையில் சுட்டு எடுப்பது. ஒவ்வொரு முறை சுடும்போதும் நிறமும் அளவும் மயிரிழை மாறலாம். அதனால்தான் பெட்டியின் பக்கவாட்டில் உற்பத்தித் தொகுதிக்கும் நிறச்சாயலுக்கும் குறியீடு இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒட்டியபின் தெரிந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன்

குத்தகையாளரே டைல்ஸ் வாங்குகிறார் என்றால், விலைப்பட்டியலில் ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்பதோடு எத்தனை பெட்டி, எந்த அளவு என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். குறைந்தால் யார் வாங்குவது, மிஞ்சினால் யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். நீங்களே வாங்குவதாக இருந்தால், பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேளுங்கள். எடுத்துக்கொள்வார்கள் என்றால் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கப் பயமில்லை.

வேலை முடிந்தபின் மிஞ்சிய நாலைந்து டைல்ஸைக் கொடுத்துவிடாதீர்கள். பின்னாளில் குழாய் கசிந்து தரையை உடைக்க நேர்ந்தால், அதே நிறம் கடையில் கிடைக்காது. படிக்கட்டுக்கு அடியில் செங்குத்தாகச் சாய்த்து வைத்து, பெட்டியின் குறியீட்டையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஆண்டு சமையலறை வேலை. இம்முறை நான் அளந்தபின் அம்மாவும் ஒருமுறை அளந்து பார்த்தார்.