கை இருக்கிறது, தூக்கத்தான் முடியவில்லை

1968 ஜூலையில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடக்கையை முழங்கைக்கு மேலே எடுக்கவேண்டியதாயிற்று. இது பகுதி ஊனம்தான், முழு இழப்பீடு தர முடியாது என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒற்றைக் கையோடு தச்சு வேலை நடக்காது. அந்தத் தொழிலாளியைப் பொறுத்தவரை இது முழு ஊனமே என்றது நீதிமன்றம். வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ‘பிரதாப் நாராயண் சிங் தேவ்’ தீர்ப்பு இது.

போன கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உடம்போடு இருந்தும் தோளுக்கு மேல் எழாத கைக்கு நியாயம் கேட்பதுதான் பெரும்பாடு. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், தோள்மூட்டோடு கையை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 90 சதவீதம் இழப்பு என்று இருந்தது. விறைத்துப்போன தோளுக்கு அதில் இடமிருக்கவில்லை. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்லவேண்டும். பெயின்டருக்கும் கணக்கருக்கும் ஒரே காயம் ஒரே இழப்பு ஆகாது.

சிக்கல் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. “எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்குதான்” என்று எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தோளைச் சுற்றியுள்ள தசைநாண் கிழிந்திருந்தால் காட்டாது. அதற்கு அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். தானாகத் தூக்க முடியாத கையை அடுத்தவர் பிடித்துத் தூக்கினால் மேலே போகிறதா? கிழிசலாக இருக்கலாம். யார் தூக்கினாலும் அசைய மறுக்கிறதா? மூட்டுச் சவ்வு இறுகிப்போகும் ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ ஆக இருக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடமும், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடமும், இது அதிகம். மாதக்கணக்கில் பயிற்சி செய்தால் பெரும்பாலானோருக்கு இளகும். விழுந்து கிழிந்த நாண் அப்படிக் காத்திருக்காது. நாள் போகப்போக அது உள்ளே சுருங்கும், தசை கொழுப்பாக மாறும், பிறகு தைப்பதே கடினம். மூட்டு நழுவியிருக்கும்போது உருவிவிட்டாலோ நரம்பும் சேர்ந்து கெடலாம்.

மருத்துவமனையில், “வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்தேன்” என்று முதல் நாளே சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதவைப்பது முக்கியம். செலவை ஏற்பதாகச் சொல்லி, “வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு” என்று கேட்கும் மேற்பார்வையாளர்கள் உண்டு. அந்த ஒரு வரி பின்னாளில் வழக்கையே கவிழ்த்துவிடும்.

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவருக்கு, வேலை விபத்தால் ஓய்வில் இருக்கும் காலத்துக்கு ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. வேலைக்குப் போகும் வரும் வழியில் நடந்த விபத்தும் பணியோடு தொடர்புடையதாக இருந்தால் சேரும். நிரந்தர ஊனத்தை மருத்துவக் குழு மதிப்பிடும். குறைத்துப் போட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் பொறுப்பு முதலாளிக்கு. 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த அடிப்படை மாறவில்லை. தன் தொழிலைச் சேர்ந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்ட நிறுவனம், “மேஸ்திரியிடம் கேள்” என்று கைகழுவ முடியாது. கொஞ்சம் பணம் கொடுத்து, “இனி எதுவும் கேட்கமாட்டேன்” என்று எழுதி வாங்கும் தாளுக்கும் சட்டத்தின் முன் மதிப்பில்லை. ஆனால் உரிமை கோரக் காலவரம்பு உண்டு. வலி போகட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவச் சான்றில் ‘தோள் வலி’ என்று மட்டும் இருந்தால் போதாது. கை எத்தனை டிகிரி எழுகிறது, தலைக்கு மேல் வேலை செய்ய முடியுமா, எவ்வளவு எடை தூக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்கவேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழில் உள்ள சதவீதமும் வருமான இழப்புச் சதவீதமும் ஒன்றல்ல. 20 சதவீத ஊனம் என்று எழுதியிருப்பவர் தன் தொழிலையே இழந்திருக்கலாம். இதை எடுத்துச் சொல்ல வழக்கறிஞர் வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் அங்கே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.