நாடகம் எழுதி முடியும் வரை யார் சோறு போடுவது?

நாடகம் நன்றாக ஓடினால் வசூல் வரும். பரிசு கிடைத்தால் புகழ் வரும். ஆனால் நாடகத்தை எழுதுகிற காலத்தில், எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதுகிற காலத்தில், ஆசிரியருக்கு யார் சோறு போடுவது? அமெரிக்காவின் கறுப்பின நாடகக் கலைஞர்கள் சுமார் தொண்ணூறு ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வி இது.

அந்நாட்டில் ஒரு புதிய நாடகம் ஒரே மூச்சில் மேடைக்கு வருவதில்லை. கையெழுத்துப் பிரதி தயாரானதும் நடிகர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். எந்தக் காட்சி நீளம், எந்த இடத்தில் கதை நொண்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஆசிரியர் திருத்துவார். மறுபடி வாசிப்பு. இப்படியே ஓராண்டு, ஈராண்டு கூடப் போய்விடும். நடிகருக்கும் டைரக்டருக்கும் சம்பளம் வேண்டும். ஆசிரியருக்கு வீட்டு வாடகை வேண்டும். ஆனால் ஒரு டிக்கெட் கூட விற்காத காலம் அது. வெள்ளையர் கையில் இருந்த நாடக உலகில், இந்தக் காலத்துக்கான பணம் கறுப்பினத்தவருக்கு எளிதில் கிடைத்ததில்லை.

சர்க்கார் சம்பளம்

இதற்குப் பெரிய அளவில் முதலில் வழி செய்தது அமெரிக்க அரசாங்கம்தான். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து தவித்த கலைஞர்களுக்காக, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு 1935-ல் பெடரல் தியேட்டர் திட்டத்தைத் தொடங்கியது. பல நகரங்களில் கறுப்பினக் கலைஞர்களுக்கென்று தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், லாபாயெட் கொட்டகையில், 1936-ல் ஆர்சன் வெல்ஸ் டைரக்ட் செய்த 'மாக்பெத்' ஊரையே திரட்டியது. 1938-ல் சிகாகோவில் தியோடர் வார்ட் எழுதிய 'பிக் ஒயிட் ஃபாக்' என்ற புதிய நாடகம் அரங்கேறியது.

திட்டத்தில் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்று சட்டசபை உறுப்பினர்கள் சிலர் புகார் கிளப்பினார்கள். 1939 ஜூன் 30-ம் தேதியோடு அமெரிக்கக் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. நான்கே ஆண்டுகளில் சம்பளமும் போயிற்று, குழுக்களும் கலைந்தன.

இருபது ஆண்டுகள் கழித்து லொரெய்ன் ஹான்ஸ்பெரி என்ற இளம் பெண்மணி 'எ ரெய்சின் இன் தி சன்' என்ற நாடகத்தை எழுதினார். கறுப்பினக் குடும்பத்தின் கதைக்குப் பணம் போடப் பெரிய முதலாளிகள் முன்வரவில்லை. தயாரிப்பாளர் பிலிப் ரோஸ் சிறு முதலீட்டாளர்கள் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டினார். 1959 மார்ச்சில் பிராட்வேயில் அரங்கேறி 530 காட்சிகள் ஓடியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேக்கு வந்தது அதுவே முதல் முறை.

ஒரு கட்டுரையின் பலன்

நிலையான நிதி வேண்டும் என்று உரக்கக் கேட்டவர் டக்ளஸ் டர்னர் வார்ட். லூசியானா மாநிலத்தில் பிறந்த நடிகர், நாடகாசிரியர். ஒரு தென்மாநில ஊரில் கறுப்பினத்தவர் அனைவரும் ஒரு நாள் திடீரென்று காணாமல் போனால் ஊர் என்ன பாடுபடும் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன 'டே ஆஃப் ஆப்சென்ஸ்' இவர் எழுதியதுதான். அமெரிக்க நாடகமேடை வெள்ளையருக்கு மட்டும்தானா என்று 1966-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் கேட்டு எழுதினார்.

கட்டுரையைப் படித்த ஃபோர்டு அறக்கட்டளை திட்டம் கேட்டது. வார்ட், ராபர்ட் ஹூக்ஸ், ஜெரால்ட் க்ரோன் மூவரும் சேர்ந்து 1967-ல் 'நீக்ரோ என்சம்பிள் கம்பெனி'யைத் தொடங்கினார்கள். கிடைத்த மானியம் 4 லட்சம் டாலருக்கு மேல். நிரந்தர நடிகர் குழு, இலவசப் பயிற்சி, நாடகாசிரியர்களுக்குப் பட்டறை எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தன.

கண்டனமும் உடன் வந்தது. வெள்ளையர் பணத்தில் கறுப்பர் நாடகமா என்றார்கள். ஹார்லெமில் இல்லாமல் நகரின் வேறு பகுதியில் கொட்டகை எதற்கு என்றார்கள். 1968 ஜனவரியில் முதல் நாடகமாக ஐரோப்பியரான பீட்டர் வைஸ் எழுதியதைப் போட்டதும் குறையாயிற்று. ஆனால் அடுத்தடுத்து வந்தவை கறுப்பின ஆசிரியர்களின் புதிய நாடகங்கள். லோன் எல்டர் எழுதிய 'செரிமனீஸ் இன் டார்க் ஓல்டு மென்' 1969-ல் மேடை ஏறியது.

பிறகு அறக்கட்டளையின் பணம் குறைந்தது. 1972-73 பருவத்தில் நிரந்தரக் குழுவைக் கலைத்துவிட்டு, ஒரே ஒரு புதிய நாடகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஒன்று ஜோசப் வாக்கர் எழுதிய 'தி ரிவர் நைஜர்'. பிராட்வேக்குப் போய் 1974-ல் சிறந்த நாடகத்துக்கான டோனி பரிசைப் பெற்றது. இதே கம்பெனி 1981-ல் போட்ட, சார்லஸ் ஃபுல்லரின் 'எ சோல்ஜர்ஸ் ப்ளே' 1982-ல் புலிட்சர் பரிசு பெற்றது. அதே நாடகம் பிராட்வே மேடையைக் கண்டது 2020-ல்தான்!

சமையல்காரர் எழுதிய நாடகம்

ஆகஸ்ட் வில்சனின் கதையைப் பார்த்தால் சிறு பணத்தின் பெருமை புரியும். பிட்ஸ்பர்க் நகரில் பிறந்து, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். செயின்ட் பால் நகரில் ஒரு தரும ஸ்தாபனத்தில் சமையல்காரராக இருந்துகொண்டு எழுதினார். 1980-ல் மினியாபொலிஸ் நாடகாசிரியர் மையம் வழியாக ஓர் உதவித்தொகை கிடைத்தது. கனெக்டிகட் மாநிலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஓநீல் மைய முகாமுக்கு அனுப்பிய பிரதிகள் பலமுறை திரும்பி வந்தன. 1982-ல் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' ஏற்கப்பட்டது.

முகாமின் தலைவர் லாயிட் ரிச்சர்ட்ஸ், 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தை டைரக்ட் செய்த அதே மனிதர். வில்சனின் நாடகங்கள் முதலில் அங்கே வாசிக்கப்பட்டு, பிறகு யேல் நாடக மன்றத்தில் மேடை ஏறி, திருத்தப்பட்டு, கடைசியில் பிராட்வேக்குப் போயின. 'ஃபென்சஸ்' 1987-லும் 'தி பியானோ லெஸன்' 1990-லும் புலிட்சர் பரிசு பெற்றன.

அவ்வளவு புகழ் வந்த பிறகும் வில்சன் திருப்தி அடையவில்லை. 1996-ல் பிரின்ஸ்டன் நகரில் நடந்த நாடக மாநாட்டில், நாட்டின் 66 பெரிய பிராந்திய நாடக மன்றங்களில் கறுப்பினத்தவருடையது ஒன்றே ஒன்று என்று சுட்டிக்காட்டினார். அந்த ஒன்று நியூஜெர்சியின் கிராஸ்ரோட்ஸ் தியேட்டர். 1999-ல் சிறந்த பிராந்திய மன்றத்துக்கான டோனி பரிசு அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே கடன் சுமையால் நாடகப் பருவத்தை நிறுத்திவிட்டது! பின்னர் மெல்ல மீண்டது.

மாதச் சம்பளம்

அண்மைக் காலத்தில் ஒரு நல்ல மாற்றம். மெலன் அறக்கட்டளை 2012-ல் அறிவித்த திட்டத்தில், நாடகாசிரியரை ஒரு மன்றத்தின் ஊழியர் போலவே சேர்த்து, மூன்று ஆண்டுகள் சம்பளம் கொடுக்க ஏற்பாடாயிற்று. அட்லாண்டாவின் அலையன்ஸ் தியேட்டரில் கறுப்பின எழுத்தாளர் பேர்ல் கிளீஜ் அவ்வாறு இடம் பெற்றார். நியூயார்க்கில் 1968-ல் தொடங்கிய நேஷனல் பிளாக் தியேட்டரும் கறுப்பின ஆசிரியர்களுக்குத் தங்கி எழுதும் வாய்ப்பு அளிக்கிறது.

ஆனாலும் அச்சம் தீரவில்லை. 2025 மே மாதம் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம், நாடக மன்றங்கள் பலவற்றுக்கு ஒப்புக்கொண்டிருந்த மானியங்களைத் திடீரென்று ரத்து செய்தது. 1939-ஐ அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

திறமை இல்லாமல் கறுப்பின நாடகம் ஒருபோதும் நின்றதில்லை. பணம் நின்றபோதுதான் நின்றது. நான்கு லட்சம் டாலர் வந்த இடத்திலிருந்து ஒரு டோனியும் ஒரு புலிட்சரும் வந்தன. சமையல்காரருக்குக் கிடைத்த சிறு உதவித்தொகைக்குப் பின்னால் இரண்டு புலிட்சர்கள் வந்தன. பரிசுப் பணம் என்பது விளைந்த பிறகு வந்து நெல்லை அளக்கிறவனின் பணம். நாடகக்காரர்கள் கேட்பது விதைக்கும் காலத்துப் படி. அதுவும் விளைகிற வரை நிற்காத படி.